ஊசிக்கு முந்தின நாள் டெஸ்ட்டாம்! யாரு கிளப்பிவிட்டது?

ஊசிமுனை: டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடுற திருநம்பிகள் குழு ஒண்ணுல ஒரு மேதாவி எழுதியிருக்கார்: "அடுத்த ஊசிக்கு முந்தின நாள் ரத்தம் குடுங்க. டெஸ்டோஸ்டிரோன் 300க்குக் கீழ வந்தா டோஸ் பத்தல, ஏத்திக்கோங்க." அதுக்கு வரிசையா ஹார்ட்டு வேற! டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட்ங்கற ரகம் போடுறவங்க பார்க்க வேண்டியது ரெண்டு ஊசிக்கு நடுநாள். 14 நாளுக்கு ஒண்ணுன்னா 7ஆம் நாள். டெசிலிட்டருக்கு 400லேர்ந்து 700 நானோகிராம் இருக்கணும். ஹார்மோன் டாக்டர்கள் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டி 2017லயே சொல்லியாச்சு.

மதுரைமீசை: அந்த 2017 வழிகாட்டியை முழுசாப் படிங்க சாமி. உச்சமும் அடியும் பார்க்கலாம்னும் இருக்கு. அடின்னா முந்தின நாள்தான். பாதி படிச்சுட்டு அடுத்தவன மேதாவிங்கறது.

ஊசிமுனை: ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்னு இருக்கு. அடியை மட்டும் பார்த்து டோஸ் ஏத்துன்னு எங்க இருக்கு? எனந்தேட் நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை பாதியாக் குறையும். 250 மி.கி. போட்டு 21 நாள் கழிச்சுப் பார்த்தா தரைதட்டாம என்ன செய்யும்? அதைப் பார்த்து டோஸ் ஏத்தினா முதல் ரெண்டு மூணு நாள் உச்சம்தான் இன்னும் எகிறும். ஹீமடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு) 54 சதவீதம் தாண்டும், ரத்தம் கெட்டியாகும். மிஞ்சினதுல கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனா மாறும். ஆம்பளைங்க அளவைத் தாண்டி ஏத்திக்கிட்டா மீசை சீக்கிரம் வராது.

நிழல்43: "ஆம்பளைங்க அளவு"ன்னா? அப்ப நாம யாரு?

ஊசிமுனை: லேப் சீட்டுல இருக்கற ரேஞ்சைச் சொன்னேன். சீட்டுல பெண்ணுன்னு போட்டிருந்தா ஹீமோகுளோபின் சும்மாவே சிவப்புல வரும். அதைப் பார்த்துப் பயப்படாம ஆண் ரேஞ்சோட ஒப்பிடணும்.

நிழல்43: பேச்சை மாத்தாதீங்க. சொல்லைப் பார்த்துப் பேசுங்க.

மதுரைமீசை: கடைசி வாரம் சோர்வு, எரிச்சல், சிலருக்கு மாதவிடாய் மாதிரி ரத்தக்கசிவு. இதெல்லாம் நடுநாள் டெஸ்ட்ல தெரியுமா? 600னு காட்டும், எல்லாம் சரின்னு அனுப்பிடுவாங்க. அதான் முந்தின நாள்.

ஊசிமுனை: அதுக்கு மாத்த வேண்டியது இடைவெளியை. 3 வாரத்துக்கு 250ன்னா வாரம் 83. வாராவாரம் 75 போட்டா ஏத்த இறக்கம் அடங்கும். 0.3 மி.லி., தோலுக்கு அடியில, 25 கேஜ் தடிமன், 16 மி.மீ. நீள ஊசி. டாக்டரைக் கேட்டுட்டு மாத்துங்க.

மதுரைமீசை: ஒரு மி.லி. ஆம்ப்யூல்ல (கண்ணாடிக் குப்பி) மிச்சம் 0.7ஐ என்ன பண்றது? சாம்பார்ல ஊத்தவா? ஆம்ப்யூல் கழுத்தை உடைச்சா உடைச்சதுதான். ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி கிடைக்கற ஊர்க் கணக்கை இங்க விக்காதீங்க.

கடல்காகம்: சிரிஞ்சுல எடுத்து மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஆகாதா?

ஊசிமுனை: ஆகாது! கிருமி போய் சீழ்கட்டும். மிச்சத்தைக் கொட்டத்தான் வேணும். நெஞ்சைத் தட்டையாக்க கிரேப் பேண்டேஜைச் சுத்திக்கலாம்னு போன மாசம் சொன்னதும் நீங்கதானே? அது இறுகி மூச்சையே அடைக்கும்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

கடல்காகம்: அதை இன்னும் விடலியா நீங்க?

தேன்சிட்டு: சஸ்டனான்ங்கற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறவங்களுக்கும் 7ஆம் நாளா? அதுல நாலு எஸ்டர் (டெஸ்டோஸ்டிரோன் வகை) கலவை, 30, 60, 60, 100 மி.கி. கடலை எண்ணெய் வேற, அலர்ஜி இருந்தா தொடக்கூடாது. அப்புறம் 12 வாரத்துக்கு ஒருமுறை போடுற அன்டெகனோயேட்டுக்கு அடுத்த ஊசிக்கு முன்னாடிதான் பார்க்கணும்.

மதுரைமீசை: ஆங்! முன்னாடி! எல்லாரும் கேட்டுக்கோங்க!

ஊசிமுனை: அது வேற மருந்துய்யா. 1000 மி.கி., 12 வாரம் மெதுவா வடியறது. அதுலயும் 400க்குக் கீழ போனா முதல்ல இடைவெளியைத்தான் பார்ப்பாங்க. எனந்தேட்டுக்கு நடுநாள்.

மதுரைமீசை: முந்தின நாள்.

ஊசிமுனை: நடுநாள். சீட்டுல ஊசி போட்ட தேதியையாவது எழுதிக் குடுங்கய்யா, பார்க்கற டாக்டருக்குப் புரியும்.

நிழல்43: அந்த "ஆம்பளைங்க அளவு" இன்னும் மேல அப்படியே நிக்குது. அட்மின் தூங்கறாரா?