3.5 டன் குதிரை வேன்: பழையது வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

சரேவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய சரே பகுதியில் வசிக்கிறோம். மகளின் பெண் குதிரையையும், அவளுடைய தோழியின் மட்டக்குதிரையையும் வார இறுதிப் போட்டிகளுக்கு ஒன்றாக அழைத்துச் செல்வதற்காக, சரக்கு வேனைக் குதிரை ஏற்றும்படி மாற்றியமைத்த பழைய வாகனம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 2013ஆம் ஆண்டு ரெனோ மாஸ்டர். விளம்பரத்தில் "இரண்டு குதிரைகளுக்கானது" என்று போட்டிருக்கிறார்கள். நான் 1997க்குப் பிறகு உரிமம் பெற்றவன் என்பதால் சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனத்தை ஓட்ட எனக்கு அனுமதி இல்லை. எம்.ஓ.டி. சான்று (ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனைக்கான சான்று) அண்மையில்தான் புதுப்பிக்கப்பட்டுள்ளது. அதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

லாயக்காரர்

முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த வேனை எடை மேடையில் ஏற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

"இரண்டு குதிரைகள்" என்பது உள்ளே எத்தனை குதிரைகள் நிற்க இடம் உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதைச் சொல்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். டீசல் நிரப்பிய வெற்று வண்டி 2,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், மீதம் 1,000 கிலோ. நீங்கள், மகள், தோழி ஆகியோருக்கு 200 கிலோவும், சேணம், தண்ணீர், வைக்கோல் முதலியவற்றுக்கு 80 கிலோவும் கழித்தால் 720 கிலோதான் எஞ்சும். பெண் குதிரை 500 கிலோ, மட்டக்குதிரை 280 கிலோ என்றால், வீட்டு வாசலைத் தாண்டும்போதே 60 கிலோ மிகையாகிவிடும். வைப்பறை, அடுப்பு, படுக்கை என்று முந்தைய உரிமையாளர் சேர்த்த வசதிகள் ஒவ்வொன்றும் இந்த இடைவெளியைத்தான் தின்கின்றன.

குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி (அளவுகள் சென்டிமீட்டரில்), 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 185, நீளம் 165 என்றால் சுமார் 475 கிலோ.

வண்டியில் தயாரிப்பாளர் பொருத்திய விவரத் தகட்டில் (பதிவு எண் பலகை அல்ல) மொத்த எடையைத் தவிர, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். மொத்தம் வரம்புக்குள் இருந்தாலும் ஓர் அச்சு மீறக்கூடும். ஆகவே அச்சுவாரியாகவும் எடை போடச் சொல்லுங்கள். சாலையில் சோதிக்கும் டி.வி.எஸ்.ஏ. (ஓட்டுநர், வாகனத் தரங்களுக்கான அரசு முகமை) அதிகாரிகள் மிகையின் அளவைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய தொல்லை, எடையைக் குறைக்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்ற தடைதான். இரண்டாவது குதிரையை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வேறு வண்டிக்குக் காத்திருக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

கென்ட் மெக்கானிக்

மேலே சொன்னவை அனைத்தும் சரி. எம்.ஓ.டி. பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது வாகனம் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனையே தவிர, குதிரை நிற்கும் தளம் அதன் எடையைத் தாங்குமா என்பதற்கான சான்று அல்ல. பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனைகளின் விவரம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். துரு பற்றிய எச்சரிக்கை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று அதில் படியுங்கள்.

ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். மரத்தளமாக இருந்தால், ஓரங்களிலும் பலகை இணையும் இடங்களிலும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். அலுமினியமாக இருந்தால், வெள்ளைப் பொடியும் சிறு குழிகளும் தென்படுகின்றனவா என்று பாருங்கள். சிறுநீர் தேங்கும் இடத்தில், எஃகுச் சட்டத்தோடு அலுமினியம் தொடும் இணைப்புகள்தான் முதலில் அரிக்கும். இதை மேலிருந்து காண முடியாது. வண்டியைத் தூக்கி அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

இவ்வகை வேன்கள் பலவற்றில் குதிரைகள் பின்னோக்கி நிற்கின்றன. திடீரென்று பிரேக் பிடித்தால் அவற்றின் பாரம் முழுவதும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் விழும். அந்தச் சுவர் சட்டத்தோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது வேனின் மெல்லிய தகட்டில் நாலு ரிவெட்டுகளோடு நிற்கிறதா என்பதை அவசியம் கேளுங்கள். மார்புக் கம்பியை (குதிரையின் மார்புக்கு முன்னால் குறுக்கே இருப்பது) வெளியிலிருந்தே அவிழ்க்க முடிய வேண்டும். குதிரை அதன்மேல் கால் போட்டுக்கொண்டால் உள்ளே நுழைய யாருக்கும் துணிவு வராது.

டயர்களில் ஆழமான பள்ளம் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. லாயத்தில் அதிகம் நின்ற வண்டிகளில் டயர் தேயாமலேயே மூப்படைந்துவிடும்.

வடலண்டன்

2013 வண்டி டீசல் என்றால் யூரோ 6 புகை வெளியீட்டுத் தரத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும் யூலெஸ் (அந்தத் தரத்தை எட்டாத வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் குறைபுகை மண்டலம்) எல்லைக்குள் வந்துவிட்டதால், சரேயை ஒட்டிய கிங்ஸ்டன் பக்கம் நுழைந்தாலே நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும்.

சரேவாசி

அனைவருக்கும் நன்றி. விற்பவர் எடை மேடைக்குச் சம்மதித்துவிட்டார். எண்கள் பொருந்தாவிட்டால் இரண்டு குதிரைகளுக்கு வேறு வழி உண்டா?

லாயக்காரர்

உண்டு. 2021 டிசம்பர் 16 முதல், தனித் தேர்வு இல்லாமலேயே சாதாரணக் கார் உரிமத்தில் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். குதிரை டிரெய்லரில் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் இல்லாததால், ஏற்றக்கூடிய எடை இந்த வேன்களைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். உங்கள் காரின் இழுவை வரம்பு அதற்கு ஈடுகொடுக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.