தடைக்காலத்தில் படித்த பையன்

சென்னை காசிமேட்டுப் பக்கம் ஒரு மாலைநேரப் படிப்பு மையத்துக்கு மூன்று வருடமாகச் சனிக்கிழமை தோறும் போகிறேன். படிப்பை விட்ட பிள்ளைகள், போலீஸ் கேஸில் சிக்கிய பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அதில் ஒருவனைப் பற்றி எழுதுகிறேன்.

அவனுக்கு அப்போது 16 வயது. கூட்டாளிகளோடு பைக் திருட்டில் மாட்டி, கேஸில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில வாரம் இருந்துவிட்டு வந்திருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் போய்விட்டன. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. கையில் காசு புரண்டதால் "படி" என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. முதல் இரண்டு மாதம் கேரம் ஆடினோம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் வேலை கிடையாது. இந்த மாதிரிப் பையன்களுக்கு வருடத்திலேயே ஆபத்தான நாட்கள் இவைதான் என்பது என் அனுபவம். காசு தீர்ந்துவிடும், பொழுது மிச்சமாகும், பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள். அதற்குள் அவனைத் துணைத்தேர்வுக்குத் தயார் செய்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

"பாஸாயி இன்னாண்ணா பண்றது? அதான் கேஸ் கீதே" என்றான்.

இத்தனை நாள் அவனை அழுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24 பற்றிச் சொன்னேன். 18 வயதுக்குள் செய்த குற்றத்தைக் காட்டி ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்க முடியாது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பைக் திருட்டு அதில் வராது. "எழுதிக் குடுண்ணா" என்றான். நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து போன் கவருக்குள் வைத்துக்கொண்டான்.

அப்புறம் கணக்கு. வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்ந்தால் 16 மதிப்பெண். பாஸாக 35 போதும், அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தோம். ஐஸ் கொக்கி கிழித்த தழும்புகள் அவன் வலது கை முழுக்க இருந்தன. அந்தக் கையால் காம்பஸைப் பிடித்து வட்டம் போட்டால் கோடு துளிகூட விலகாது. தொடுகோடு வரைந்து முடித்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான்.

மே மாதம் சொந்தக்காரர் கல்யாணம், ஊர்ப் பயணம் என்று இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இரண்டு நாளும் அவன் ஜாமெட்ரி பாக்ஸோடு படிக்கட்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்துக் கடை அக்கா சொன்னார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவன் அம்மா முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான், ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை.

கணக்கில் 41 எடுத்தான். அறிவியலில் செய்முறை மதிப்பெண் ஏற்கெனவே இருந்தது. எழுத்துத் தேர்வில் 20 வேண்டும், 23 வாங்கினான். இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான்.

*

மேலே காசிமேட்டுப் பையனைப் பற்றி எழுதியவரைப் போல நானும் ஒரு வழிகாட்டிதான். அவன் படிக்கட்டில் காத்திருந்தான் என்று படித்ததும் எனக்கு என் பொண்ணு ஞாபகம் வந்துவிட்டது. நான் பெற்றவள் இல்லை, மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வழிகாட்டியாக இருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி. நன்றாகப் பேசுகிறவள். அரைப் பரீட்சை லீவுக்கு முந்தின நாள் புத்தகப் பையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "அக்கா, இது இங்கயே இருக்கட்டும். எங்க வீட்ல இருந்தா எடைக்குப் போட்டுருவாங்க."

லீவில் எதற்குப் புத்தகத்தை எடைக்குப் போடுவார்கள்? உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்டேன். தாய்மாமனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்தாயிற்று. அவளுக்கு 16 வயது.

அவள் எதிரிலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டேன். யார் சொன்னது என்று வெளியே தெரியாது என்றார்கள். அதிகாரிகள் வந்து பெற்றோரிடம் 18 வயது ஆகும்வரை கல்யாணம் செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். ஊரில் எப்படியோ ஊகித்துவிட்டார்கள். அவள் அம்மா இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, அந்த அம்மா கெட்டவர் இல்லை. மூத்தவள் காதலித்து ஓடிப்போன பயம் அவருக்கு.

லீவு முடிந்த அன்று காலை ஏழரை மணிக்கே கதவு தட்டும் சத்தம். யூனிஃபார்மில் நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, பையக் குடுங்க."