எடைக்கு விறகு வாங்கும்போது ஈரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: புது அடுப்பு (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் பத்தாண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், பாலக்கோட்டில் சிறிய மெஸ் ஒன்றைத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. குழம்பும் பொரியலும் எரிவாயுவில் ஆகிவிடும். சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகடுப்பில்தான். இதற்காகச் சென்ற மாதம் ஒரு மண்டியில் ஒரு டன் புளிய விறகு வாங்கினேன். ஓராண்டாகக் கிடந்து காய்ந்த கட்டை என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். முனைகள் வெடித்துச் சாம்பல் பூத்தாற்போல் இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். இப்போது அடுப்பில் வைத்தால் கட்டையின் பின்முனையில் நுரை தள்ளுகிறது, சீறுகிறது, புகை கூரைக்குள்ளேயே சுற்றுகிறது. சமையல் செய்யும் அக்கா ஊதுகுழலைக் கீழே வைப்பதே இல்லை. அண்டாவின் அடியில் பிடித்த கரி, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

விறகு வாங்குவதில் எனக்கு முன்னனுபவம் கிடையாது. வாங்கும் இடத்திலேயே ஈரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? எந்த மரம் நல்லது? எடைக்கு வாங்குவது சரியா, வண்டிக் கணக்கில் வாங்குவது சரியா?

மறுமொழி 1: பழைய மண்டிக்காரர் (அரூர்)

தம்பி, முனை வெடிப்பை மட்டும் பார்த்து வாங்கியதுதான் பிழை. மரத்திலுள்ள நீர் நார் ஓடும் போக்கிலேயே எளிதாக வெளியேறும் என்பதால், அறுத்த முனை சில வாரங்களிலேயே காய்ந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுவிலிருந்து வெடித்துவிடும். பிளக்காமல் உருட்டாகவே போட்டு வைத்த அதே கட்டையின் நடுப்பகுதியோ, பட்டை நீரை வெளியே விடாததால், மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். மண்டிக்காரர் ஓராண்டு கிடந்தது என்று சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். கிடந்தது வேறு, காய்ந்தது வேறு.

அடுத்த முறை அடுக்கின் மேலே வெயில் பட்டுக் கிடக்கும் கட்டையை விட்டுவிட்டு, நடுவிலும் அடியிலும் இருந்து நான்கைந்து கட்டைகளை உருவி எடுக்கச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே பிளக்கச் சொல்லுங்கள். பிளந்தவுடன் உள்முகத்தில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். உள்ளங்கை காய்ப்பு ஏறியிருந்தால் ஏமாற்றிவிடும், கன்னம் ஏமாற்றாது; சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. பட்டையை நெம்பினால் காய்ந்த கட்டையில் ஏடாகப் பெயர்ந்து வரும். ஈரக்கட்டையில் ஒட்டிக்கொண்டு, அடியில் பசுமை தெரியும். இரண்டு பிளவுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டங்’கென்று ஒலிக்கும், ஈரமானது ‘தொத்’தென்று அடங்கிவிடும். இது எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி இராது என்பதால் நான் பிளந்து பார்ப்பதையே நம்புவேன்.

மழையில் நனைந்த விறகைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த ஈரம் மேலோடு நின்று, நல்ல வெயிலில் சில நாட்களில் போய்விடும். மரத்தின் சொந்த ஈரம் போகத்தான் மாதங்கள் ஆகும். கையில் எடுத்தால் தக்கையாக இருந்து மாவு கொட்டினால் அது உளுத்த கட்டை. காய்ந்ததென்று எண்ணி வாங்கிவிடாதீர்கள், காகிதம் போல எரிந்து தீர்ந்துவிடும்.

மறுமொழி 2: கணக்குப்பிள்ளை (காவேரிப்பட்டணம்)

எடையா வண்டியா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை சொல்லலாம். நூற்றுக்கு 40 பங்கு நீருள்ள விறகை ஒரு டன் வாங்கினால், அதில் மரம் 600 கிலோ, நீர் 400 கிலோ. அதுவே 20 பங்கு நீர் இருக்கும் அளவுக்குக் காய்ந்தால் மொத்த எடை 750 கிலோவாகிவிடும். அதாவது 250 கிலோ தண்ணீருக்கு விறகு விலை கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த 400 லிட்டரையும் அடுப்பிலேயே ஆவியாக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 615 கிலோகலோரி வீதம், 55 கிலோ உலர்ந்த மரத்தின் வெப்பம் போதும். கணக்கில் இது சிறிய இழப்புதான். ஆனால் ஈரத்தால் தழல் தணிந்து, மரத்திலிருந்து எழும் வாயுக்கள் பற்றாமலே புகையாகப் போவதுதான் பெரிய இழப்பு. உங்கள் அண்டாவின் அடியில் பிடித்திருப்பது அந்தப் புகையில் இருந்த எரிபொருள்தான்.

மரவகையைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஓயாத வாதம் உண்டு. நன்கு உலர்ந்துவிட்டால் எந்த மரமும் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரிதான் தரும். புளிய மரத்துக்கும் மாமரத்துக்கும் உள்ள வேறுபாடு அடர்த்தியில்தான். ஆகவே எடைக்கு வாங்குபவர் மரத்தின் பெயரைவிட ஈரத்தையே பார்க்க வேண்டும். வண்டிக் கணக்கில் வாங்குபவர் புளி, கருவேல், வேலிக்காத்தான் போன்ற கனமான மரமா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய மாந்தோப்புகளை அழிக்கும்போது எங்கள் பக்கம் மா விறகு மலிவாகக் கிடைக்கும். வண்டி நிறைந்துவிட்டது என்று மகிழ்ந்து வாங்கினால், எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்துவிடும். எடைக்கு வாங்கினால் வெறும் வண்டியையும் ஏற்றிய வண்டியையும் பொது எடை மேடையில் நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

வீட்டிலும் சோதிக்கலாம். கட்டையின் நடுவிலிருந்து 200 கிராம் சிராய்களைச் செதுக்கி, கருகாத அளவுச் சிறு சூட்டில் இரும்புச் சட்டியில் போட்டு, எடை மேலும் குறையாத வரை உலர்த்துங்கள். 160 கிராமில் நின்றால் ஈரம் 20 பங்கு; எரிக்கத் தகுதியான விறகு. ஊசி முனையுள்ள ஈரமானி வாங்கினால், அது பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடையை வைத்துக் கணக்கிடும் என்பதால் இதே விறகுக்கு 25 என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

மறுமொழி 3: மலையடிவாரம் (பென்னாகரம்)

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விறகு எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளில் காப்புக்காடுகள் அதிகம். 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022இல் காவேரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அங்கே வெட்டிய மரம் எவ்வளவு காய்ந்திருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கடைக்குள் ஏற்றாதீர்கள். பட்டா நிலத்து வேலிக்காத்தானும் தோப்பில் பட்டுப்போன புளியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு? சுள்ளிக் கட்டுகளில் அரளிக் கொம்பு கலந்திருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள்; அதன் புகையும் நஞ்சு.

கேள்வி கேட்டவர்: புது அடுப்பு

மூவருக்கும் நன்றி. நேற்றிரவே சிராய்களை உலர்த்திப் பார்த்தேன். 200 கிராம் 132 கிராமில் வந்து நின்றது. அப்படியானால் ஈரம் 34 பங்கு. இன்னும் ஏறத்தாழ 700 கிலோ கிடக்கிறது. இதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. என்ன செய்வது?

மறுமொழி 4: பழைய மண்டிக்காரர் (அரூர்)

வீணாகவில்லை, தம்பி. இப்போது மாசி; பங்குனி, சித்திரை வெயில் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கே ஆள் வைத்து எல்லாவற்றையும் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். புளி முறுக்கிய நார் என்பதால் கோடாலி மட்டும் போதாது, இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். வேலிக்கு நட்டு உடைந்துபோன கல்தூண்கள் நம் ஊரில் எங்கும் கிடக்கின்றனவே, அவற்றில் இரண்டை இணையாகப் போட்டு அதன் மேல் அடுக்கினால் கரையானும் தரை ஈரமும் ஏறாது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்று ஊடுருவும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். பலரும் தார்ப்பாயால் நான்கு பக்கமும் இழுத்து மூடிவிடுகிறார்கள். அது விறகை அவித்து வைப்பது போலத்தான். எடுக்கும்போது கையை உள்ளே விடாமல் மேலிருந்து, கம்பால் தட்டிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தேளுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

சித்திரை முடிவில் மீண்டும் 200 கிராம் சிராயை உலர்த்திப் பாருங்கள். அதுவரைக்கும் அரை டன் வேலிக்காத்தான் வாங்கி எரியுங்கள். பிளக்கச் சொல்லும்போது முகம் சுளிக்காத மண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: புது அடுப்பு

இன்று இரண்டு மண்டிகளுக்குச் சென்றேன். முதல் இடத்தில், பிளந்து காட்டினால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் கோடாலியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆறு கட்டைகளைப் பிளந்ததில் ஒன்றுதான் கன்னத்தில் சில்லிட்டது. அந்த அடுக்கை ஒதுக்கிவிட்டு மற்றதிலிருந்து அரை டன் எடுத்து எடை மேடையில் நிறுத்தினேன். உள்ளங்கையில் மூன்று கொப்புளங்கள்.