கலைச்சொல்: 'ஓவர் த டாப்' என்பதற்குத் 'தோள்முந்தல்' சரிவருமா?

டர்பன், தென்னாப்பிரிக்கா, ஞாயிறு இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் கோல்ஃப் ஆட வருகிற நம்மவர்களுக்காக ஒரு சின்னக் கையேடு எழுதுவதாகப் போன மாதம் சொல்லியிருந்தேன். பிடி, நிற்கும் நிலை, குறி பார்ப்பது எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. 'ஸ்விங்' என்பதற்கு வீச்சு, பின்னால் தூக்குவது பின்வீச்சு, கீழே கொண்டுவருவது இறங்குவீச்சு. 'ஓவர் த டாப்' என்ற இடத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. மூன்று வாரமாகத் தள்ளிப் பார்க்கிறேன்.

ஆடிப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வலக்கை ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோலை ('கிளப்') உச்சிக்குத் தூக்கிய பிறகு முதலில் எடை இடக்காலுக்கு மாறி இடுப்பு திரும்ப வேண்டும். தோள் அதற்குப் பின்னால், கையும் கோலும் அதற்கும் பின்னால். அப்படி வந்தால் கோல் உடம்பை ஒட்டி இறங்கி, உள்ளிருந்து பந்தைச் சந்திக்கும். புதியவர் என்ன செய்கிறார்? பந்தைப் பார்த்ததும் 'இதோ அடிக்கிறேன் பார்' என்று வலத்தோளை முன்னால் தள்ளிவிடுகிறார். கோல் வெளிப்பக்கம் எகிறி, பந்துக்கு அப்பாலிருந்து உள்நோக்கிக் குறுக்கே வெட்டுகிறது. கோலின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, அந்தப் பாதைக்கு வலப்பக்கம் நோக்கித் திறந்திருந்தால் பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, அரிவாள் மாதிரி வளைந்து வலப்பக்கத்து மரங்களுக்குள் போகும். அதுதான் 'ஸ்லைஸ்'. முகம் பாதையோடு ஒத்துப்போனால் வளையாமல் நேராக இடப்பக்கமே போய்த் தொலையும். நெடுந்தூரத்துக்கு அடிக்கிற 'டிரைவர்' கோலால் வலப்பக்கம் தொலைப்பவரே, குறுந்தூரத்துக்கான குட்டை 'அயர்ன்' கோலால் இடப்பக்கம் தொலைப்பார். 'எனக்கு ரெண்டு வியாதி' என்று புலம்புவார். இரண்டும் ஒரே வியாதிதான்.

அதனால் பந்து போகும் போக்கை வைத்துப் பெயர் சூட்ட முடியாது. நான் முதலில் போட்டது 'உச்சிதாண்டல்', ஆங்கிலத்தை அப்படியே தூக்கி வைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, "அண்ணே, உச்சிதாண்டல் பண்றீங்க" என்றேன். அடுத்த வீச்சில் அவர் கோலைத் தாழ்வாகத் தூக்கினார்; உச்சியைத் தாண்டக்கூடாதாம்! தோள் பழையபடி பாய்ந்தது. தவறு அவருடையதல்ல, என் சொல்லுடையது.

இப்போது முன்வைப்பது 'தோள்முந்தல்'. எது கெடுகிறதோ அது பெயரிலேயே இருக்கிறது. வினையாகவும் ஓடும்: தோள் முந்துது, முந்திடுச்சு, முந்தவிடாதே. மைதானத்தில் நாற்பது அடி தள்ளி நின்று கத்தலாம். கத்த முடியாத கலைச்சொல் விளையாட்டுக்கு உதவாது என்பது என் கட்சி.

ஸ்லைஸுக்கு 'வலவளைவு' என்று போட்டிருக்கிறேன்.

---

ஜோஹன்னஸ்பர்க், திங்கள் காலை

அண்ணா, தோள்முந்தலுக்கு என் ஓட்டு. வலவளைவுக்கு இல்லை. நான் இடக்கைக்காரன், என் ஸ்லைஸ் இடப்பக்கம் வளையும். உங்கள் கையேட்டின்படி எனக்கு அந்த நோயே கிடையாது! ஆடுகிறவரை விட்டு விலகி வளைவது 'புறவளைவு', அவர் பக்கமாக வளைகிற 'ஹுக்' 'அகவளைவு' என்று வைத்தால் இரண்டு கைக்கும் பொருந்தும்.

அப்புறம் ஒரு நற்செய்தி. இங்கே குடிவந்ததிலிருந்து என் புறவளைவு பாதியாகிவிட்டது. யாரிடமும் பயிற்சிக்குப் போகவில்லை.

---

மவுண்ட் எட்ஜ்கோம்ப், திங்கள் இரவு

ஐயா, வணக்கம். நான் தமிழ் படித்தது பெரியவனான பிறகு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். அவருடைய அப்பா ஒப்பந்தக் கூலியாகச் சென்னையில் கப்பல் ஏறி வந்தவர். இன்று இங்கே கரும்புக் காட்டு நிலத்தில் கோல்ஃப் எஸ்டேட் இருக்கிறது. சனிக்கிழமை வேலிக்கு வெளியே நின்று பார்த்தால், பாதிப் பேர் தாத்தா கத்தி வீசியதுபோலவே வீசுகிறார்கள். தோளிலிருந்து குறுக்காக, கீழ்நோக்கி. அதனால் இதற்குக் 'கரும்புவெட்டு' என்று பெயர் வைத்தால் என்ன? இந்த நாட்டுத் தமிழர் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

---

டர்பன், செவ்வாய்

தம்பி, உங்கள் தமிழில் பிழை ஒன்றும் இல்லை. கரும்புவெட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே படம் வந்துவிடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு காரணத்தால் மனம் ஒப்பவில்லை.

கரும்பைத் தரையோடு ஒட்டி வெட்ட வேண்டும். சர்க்கரை அடிக்கணுவில்தான் அதிகம். அங்கே கத்தி குறுக்காக இறங்குவதுதான் முறை. உங்கள் தாத்தாவின் வீச்சு அவர் வேலைக்குச் சரியான வீச்சு. அவர் திறமையாகச் செய்ததன் பெயரை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் சொதப்புவதற்கு வைப்பதா? 1860இலிருந்து 1911வரை கப்பலில் வந்தவர்களின் உழைப்பு அது.

இரண்டாவது, அந்தப் பெயரும் கோல் போகிற வழியைத்தான் காட்டுகிறது, யார் முந்தினார் என்பதைக் காட்டவில்லை. உவமையாகக் கையேட்டில் கட்டாயம் சேர்க்கிறேன், உங்கள் வேலியோரக் காட்சியோடு.

ஜோஹன்னஸ்பர்க் தம்பிக்கு: புறவளைவு, அகவளைவு இரண்டும் அருமை, எடுத்துக்கொண்டேன். உங்கள் நற்செய்திதான் கொஞ்சம் இடிக்கிறது. நீங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிவு. சுழலும் பந்தைக் காற்று அங்கே அவ்வளவாகத் தள்ளாது.

---

சாட்ஸ்வொர்த், புதன்

அன்புள்ள தம்பிகளுக்கு,

நான் கோல்ஃப் ஆடியதில்லை. தமிழ் வகுப்பு எடுத்த பழக்கத்தில் குறுக்கே வருகிறேன். தோள்முந்தல் நல்ல சொல். 'முந்து' என்பதில் வரிசை தப்பியது என்ற பொருளும் இருக்கிறது. பந்தியில் முந்துகிறவரை நாம் எப்படிப் பார்ப்போம்!

என் குறை வேறு. கையேட்டு வரைவில் 'ஸ்விங் ஃபால்ட்' எல்லாவற்றையும் 'பிழை' என்றே எழுதியிருக்கிறீர்கள். வலக்கைக்காரர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தம்பி, டர்பனில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதலாமா? நம் ஊர் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் அப்படித்தானே பிடித்தார்? பிறர் ஆடும்போது கோல்பை சுமக்கும் கேடியாக இருந்து தானே கற்றுக்கொண்டவர். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது நிறவெறிச் சட்டத்தால் கிளப்புக்குள் விடாமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பை கொடுத்தார்கள். 1965இல் அதே போட்டியில், உலகப் புகழ் பெற்ற இந்நாட்டு வீரர் கேரி பிளேயரையே தாண்டினார். இன்று உம்கேனி ஆற்றோரம் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர். அவர் பிடியைப் பிழை என்று அச்சிட்டால் மைதானமே சிரிக்கும்.

நம் இலக்கணத்தில் இதற்கு வழி இருக்கிறது. முறை தவறினால் வழு. தவறினாலும் காரணம் கருதி ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுவமைதி இல்லையா? செவ்கோலம் பிடி வழுவமைதி. தோள்முந்தல் வழு. 'வீச்சுவழு' என்று பொதுப்பெயர் வையுங்கள். கணினிக்காரர்கள் 'பக்' என்பதற்கு வழு என்று எடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

---

டர்பன், வியாழன் இரவு

அம்மா, தலைவணங்குகிறேன். பட்டியலையே மாற்றிவிட்டேன். புத்தகத்தில் உள்ளதுபோல் இல்லாத எல்லாவற்றையும் திருத்தக் கிளம்புவதுதான் புதியவர்கள் கெடுவதற்குப் பாதிக் காரணம். பிடியை மாற்று, முழங்கையை மாற்று, தலையை ஆட்டாதே என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தோள் மட்டும் முந்திக்கொண்டே இருக்கும்.

பதிவின் வரைவு கீழே:

தோள்முந்தல்: இறங்குவீச்சின் தொடக்கத்தில் இடுப்புக்கு முன்னே தோள் பாய்வதால் கோல் வெளியிலிருந்து உள்ளாகப் பந்தை வெட்டும் வீச்சுவழு. அடையாளம்: பெயர்ந்த புல்தடம் வலக்கைக்காரருக்குக் குறியின் இடப்பக்கம் நோக்கும். முகம் திறந்தால் புறவளைவு, இல்லையேல் நேர் இடப்போக்கு.

திருத்தும் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன். தேர்ந்தவர்களுக்குப் பின்வீச்சு ஏறத்தாழ முக்கால் நொடி, பந்துவரை இறங்குவது கால் நொடி. அந்தக் கால் நொடியில் யோசித்து எதையும் மாற்ற முடியாது; உச்சியில் திரும்புகிற கணத்தில் யார் முதலில் கிளம்புவது என்பதை மட்டும் பழக்கலாம். பந்தில்லாமல், உச்சிக்குப் போய் நில்லுங்கள். முதுகு குறியைப் பார்த்தபடியே இருக்கட்டும். இடக்குதிகாலை அழுத்துங்கள். கை தானாகச் சற்று இறங்குவது தெரியும். அங்கிருந்து மெதுவாக வீசுங்கள். இது பழகியபின், பந்துக்கு அப்புறமாகவும், குறிக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுப் பின்னாலும் கோலின் தலையுறையை வையுங்கள். தோள் முந்தினால் கோல் உறையைத்தான் முதலில் அடிக்கும். பக்கத்தில் ஆசான் தேவையில்லை, உறையே சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்: பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று இன்னும் இடப்பக்கமாகத் திரும்பி நிற்காதீர்கள். வெட்டு கூடும், வளைவும் கூடும். நானே இரண்டு வருடம் அப்படி நின்றேன். கடைசியில் பக்கத்துக் குழிக்கு ஆடுகிறவர்களைப் பார்த்து நின்றேன்.

அளவுக்கு மீறி இடுப்பு முந்துவதும் தனி வழு. அதற்குச் சொல் இன்னும் கிடைக்கவில்லை.

---

ஜோஹன்னஸ்பர்க், பத்து நாள் கழித்து

அண்ணா, சனிக்கிழமை டர்பன் வந்து கடலோரத்தில் ஆடினேன். என் புறவளைவு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. தலையுறையை நீங்கள் சொன்னபடி வைத்தேன். எட்டு வீச்சில் ஆறு முறை பந்துக்கு முன்னால் அதுதான் பறந்தது. சொல்லை அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.