புதுப்பிப்பு: மொழித் தெரிவு குக்கி அழியாத சிக்கல் தீர்ந்தது

போன கிழமை எழுதியிருந்தேன்: மருதமுனையில் மச்சானின் கைத்தறிக் கடைக்குச் செய்யும் தளத்தில், சேலைப் பக்கத்தில் தமிழைத் தெரிவு செய்தாலும் முகப்பில் சிங்களமே வருகிறது, தெரிவை நினைவில் வைக்க உலாவி சேமிக்கும் சிறு குறிப்பான குக்கியை அழித்தாலும் போவதில்லை என்று.

காரணம் பாதை. பக்கத்துக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டில் குக்கி எழுதும்போது 'பாத்' (பாதை) கொடுக்காவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து எழுதினோமோ அந்தக் கோப்புறைக்கே அது சொந்தமாகிவிடும். சேலைக் கோப்புறையில் தமிழ், முகப்பில் சிங்களம் என்று ஒரே பெயரில் இரண்டு குக்கிகள் கிடந்திருக்கின்றன! நான் முகப்பிலிருந்து அழித்ததால் சேலைப் பக்கத்துக் குக்கி அசையவே இல்லை. பெயர், பாதை, டொமைன் (தள முகவரி) மூன்றும் ஒத்துப்போனால்தான் அழியும். இப்போது எழுதும்போதும், 'மேக்ஸ்-ஏஜ்' (குக்கியின் ஆயுள்) 0 கொடுத்து அழிக்கும்போதும் பாதையை வெறும் சாய்கோடாக (/), அதாவது முழுத் தளத்துக்கும் என்று, வைக்கிறேன். பழையதை மட்டும் பழைய பாதை கொடுத்து ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஐபோன். ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்) எழுதும் குக்கியை ஐபோனின் உலாவியான சஃபாரி 2019 முதல் 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஒரு வருடம் என்று கொடுத்தும் பயனில்லை. அதனால் மொழித் தெரிவுக் குக்கியை, தளத்தை அனுப்பும் கணினியான சர்வரே எழுதும்படி மாற்றிவிட்டேன்.

உள்நுழைவுக் குக்கியையும் ஸ்கிரிப்டாலேயே கையாளலாம் என்று ஒருவர் சொன்னார். அதை மட்டும் செய்யமாட்டேன். சர்வர் எழுதும் குக்கியில் 'ஹெச்டிடிபி-ஒன்லி' என்ற குறி போட்டால் ஸ்கிரிப்டால் அதை வாசிக்கவே முடியாது. வாங்க வருபவர்களின் கணக்குக்கு அந்தக் காவல் வேண்டும்.

நேற்று மாமி தன் போனில் திறந்து பார்த்தா. நாலு பக்கம் மாறியும் தமிழிலேயே நின்றது.