பிளேட்லெட் தேடி அலைந்த நாட்கள்

சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ ஆரம்பித்தார்கள். அந்த வார்டில் 'ரத்தம் வேண்டும்' என்று யாரும் பொதுவாகச் சொல்வதில்லை. ஒரு நாள் ரெட் செல் என்ற சிவப்பணு, இன்னொரு நாள் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், எப்போதாவது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா என்று தனித்தனியாகத்தான் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

தினமும் காலையில் எடுக்கும் ரத்தத்துக்கு மதியத்துக்குள் கவுண்ட், அதாவது அணுக்களின் எண்ணிக்கை, வந்துவிடும். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் மளமளவென்று இறங்கின. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் மட்டும் மெல்லத்தான் குறைந்தது. ஏன் இப்படி என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் பொறுமையாகச் சொன்னார். எல்லா ரத்த அணுக்களும் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் என்ற மூல செல்லிலிருந்துதான் பிறக்கின்றன. வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்குவதால் அங்கே உற்பத்தி படுத்துவிடுகிறது. ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவை மட்டும் அவற்றின் ஆயுள் வரை தாங்கும். சிவப்பணுவுக்குச் சுமார் 120 நாள், பிளேட்லெட்டுக்கு 7 முதல் 10 நாள். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாள் இருந்தாலே அதிகம். அதற்கப்புறம் கவுண்ட் தாளைப் பார்த்தாலே மஜ்ஜையில் என்ன நடக்கிறது என்று ஓரளவு புரிய ஆரம்பித்தது.

பிளேட்லெட் 10,000-க்குக் கீழே போனால் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். எங்களை அலைய விட்டது இதுதான். சிவப்பணுவை ஃபிரிட்ஜில் 35 முதல் 42 நாள் வைக்கலாம், பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம் தாங்கும். பிளேட்லெட்டை 20 - 24 டிகிரியில், தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தாலும் 5 நாள்தான். பொங்கல் விடுமுறையில் கையிருப்பே இல்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டோம். முன்பின் பார்க்காத ஒரு கல்லூரி மாணவர் ராத்திரியில் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவரை மறக்கவே முடியாது.

என் குரூப் சித்தப்பாவுக்குச் சேரவில்லை, பக்கத்துப் படுக்கைப் பையனுக்குச் சேர்ந்தது. அவனுக்காக மெஷினில் பிளேட்லெட் கொடுத்தேன். கையிலிருந்து போகும் ரத்தத்தை மெஷின் சுழற்றி, பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகுமாம். கால்சியம் மாத்திரை கொடுத்ததும் சரியாகிவிட்டது. முடிந்ததும் டெக்னீஷியன் அந்த இளமஞ்சள் பையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மெதுவாக அழுத்தினார். உள்ளே பட்டுத்துணியில் வெளிச்சம் ஓடுவது போல ஒரு மினுமினுப்பு சுழன்றது. "இப்படிச் சுழன்றா நல்ல பிளேட்லெட்டுன்னு அர்த்தம் சார்" என்றார். மஜ்ஜையிலிருக்கும் மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல்லிலிருந்து உதிர்ந்த துணுக்குகள்தான் அத்தனையும். உட்கரு கூடக் கிடையாது.

அப்புறம் சித்தப்பாவின் நியூட்ரோஃபில் ஏறத் தொடங்கியது, பிளேட்லெட்டும் தானாகவே ஏறியது. சித்தி அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

மெஷினில் கொடுக்க நினைப்பவர்களுக்கு: எடை 50 கிலோவுக்கு மேல், பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். முந்தைய 3 நாட்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. முழு ரத்தம் கொடுத்தால் ஆண்கள் 3 மாதம் இடைவெளி விட வேண்டும். இதில் 48 மணி நேரம் போதும்.