முதல் ஒரு மணி நேரம்: எச்.பி. ஆள் குழுவோடு உள்ளே போகணுமா, வெளியே நிற்கணுமா?

மூன்றாம்_ஷிப்ட்

கேள்வி இதுதான். இரவு ஷிப்ட். அணுமின் நிலையத்தில் அவசரநிலை அறிவிச்சாச்சு. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு, நாம எச்.பி.ன்னு சொல்ற ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில், இருப்பது ரெண்டே பேர். வீட்டிலிருந்து கூப்பிட்டவங்க வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உலைக் கட்டடத்தில் ஒரு வால்வைக் கையால் திறக்கணும். டீசல் ஜெனரேட்டர் பக்கம் இன்னொரு குழு போகணும். வேலி ஓரம் காற்றில் என்ன வருதுன்னு அளக்கணும். ரெண்டு பேரை எங்கே நிறுத்துவீங்க?

நான் சொல்றது: உள்ளே போகும் ஒவ்வொரு குழுவோடும் ஒரு எச்.பி. ஆள் மீட்டரோட முன்னால் நடக்கணும். அவர் இல்லைன்னா குழு காத்திருக்கட்டும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 24 அன்று 3-ஆம் உலையின் டர்பைன் கட்டட அடித்தளத்தில் கேபிள் போடப் போன மூணு பேர் ஏறக்குறைய 15 செ.மீ. தண்ணீரில் நின்னு வேலை செஞ்சாங்க. அந்தத் தண்ணீரில் ஒரு கன செ.மீ.க்கு 39 லட்சம் பெக்கரல், அதாவது நொடிக்கு அத்தனை அணுச் சிதைவு. உடம்பு வாங்கும் கதிர்வீச்சை, அதாவது டோஸை, அளக்கும் டோசிமீட்டர் கத்துச்சு. கருவிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் தொடர்ந்தாங்க. 170-லிருந்து 180 மில்லிசீவர்ட் (டோஸோட அலகு) வரை வாங்கினாங்க. கையில் மீட்டரோட, அந்த மீட்டரை நம்பத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில் நின்னிருந்தா முதல் படிக்கட்டிலேயே திருப்பியிருப்பார்.

அளவுகோல்

நண்பரே, அந்தச் சம்பவத்தை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அவர்கள் நம்பியது முந்தின நாள் எடுத்த சர்வேயை, அதாவது இடத்தின் கதிர்வீச்சு அளவெடுப்பை. அதில் தண்ணீரும் குறைவு, டோஸ் ரேட்டும் (மணிக்கு எவ்வளவு டோஸ் என்பது) குறைவு. இரண்டு பேர் காலில் தாழ்ந்த ஷூ. "அலாரம் அடித்தால் காரணம் தேடாதே, திரும்பு" என்று கிளம்பும் முன் யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் போதும். குறை இருந்தது வாசலில், போகும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லும் இடத்தில். எச்.பி. ஆளின் இடம் அந்த வாசல்தான்.

உங்கள் வால்வையே கணக்குப் போடுவோம். போக 4 நிமிடம், வர 4 நிமிடம், வழியில் மணிக்குச் சராசரி 30 மில்லிசீவர்ட். போகும்போது 2, வரும்போது 2. வால்வருகே 6 நிமிடம், மணிக்கு 200. அங்கே 20. மொத்தம் ஆளுக்கு 24. எல்லை 50 என்று வையுங்கள். உடன் போகும் எச்.பி. ஆளுக்கும் அதே 24. இரண்டாவது நுழைவுக்கும் அவரை அனுப்பினால் 48. மூன்றாவதுக்கு அவர் கிடையாது. முதல் ஒரு மணி நேரத்திலேயே இருக்கும் ஆட்களில் பாதியைச் செலவழித்துவிட்டீர்கள்.

அதற்குப் பதில், குழுவுக்கு எலக்ட்ரானிக் டோசிமீட்டர் கொடுங்கள். டோஸ் அலாரம் 40 மில்லிசீவர்ட். 50-இல் வைத்தால் திரும்பி வரும் 2-க்கு இடம் இருக்காது, தடுமாறி நிற்கும் நிமிடத்துக்கும் இடம் இருக்காது. ரேட் அலாரம் மணிக்கு 300. அதைத் தாண்டினால் கேள்வி இல்லாமல் திரும்புவது. அளவுகள் ரேடியோ வழியே வாசலில் உள்ள கட்டுப்பாட்டு முனைக்கு வரட்டும். ஒருவர் அங்கிருந்து மூன்று குழுக்களைப் பார்க்கலாம்.

மூன்றாம்_ஷிப்ட்

சார், கணக்கு சரி. ஆனா அந்த 200 எங்கிருந்து வந்துச்சு? யாராவது போய் அளந்தாத்தானே? அளந்த எண்ணா, கணினி யூகிச்ச எண்ணா?

இன்னொண்ணு. வால்வைத் திறக்கிறதே அந்த இடத்தோட கதிர்வீச்சை மாத்திடும். அதுவரைக்கும் சும்மா கிடந்த குழாயில் உலைத் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். எரிபொருள் சேதமாகியிருந்தா அந்தக் குழாய்தான் இனி அறையிலேயே பெரிய மூலம். கைச்சக்கரம் நாலு சுத்து சுத்தும்போது 200 இருந்தது, பத்தாவது சுத்தில் 600 ஆகலாம். பக்கத்தில் எச்.பி. ஆள் இருந்தா மீட்டரைக் குழாய்மேலேயே வெச்சிருப்பார். முள் ஏறுவதைப் பார்த்ததும் தோளைத் தட்டி இழுத்துட்டு வருவார். டோசிமீட்டர் நெஞ்சில் இருக்கு, குழாய் முழங்கால் உயரத்தில் இருக்கு. நெஞ்சு காட்டும் எண்ணை வெச்சு முழங்காலுக்கு என்ன கிடைச்சுதுன்னு சொல்ல முடியாது.

அலாரச் சத்தம் கேட்கும்னு நம்பாதீங்க. ரெண்டு அடுக்கு கவரால் (முழு உடல் பாதுகாப்பு உடை), மூக்கு வாய் மூடின மாஸ்க், காதுக்குள்ள தன் மூச்சுச் சத்தம், வெளியே நீராவி சீறல். உள் உடையில் குத்தின டோசிமீட்டர் அங்கே கேட்காது. அதிரும் வகையா இருக்கணும், இல்லைன்னா காதில் இயர்போன் இருக்கணும். திரையைப் பார்க்கணும்னா ரெண்டு கையும் சக்கரத்தில்.

அப்புறம் மீட்டரோட குணம். ஜி.எம். (கைகர்-முல்லர்) குழாய் வெச்ச சாதாரண சர்வே மீட்டர் மிக அதிகக் கதிர்வீச்சில் திணறிப்போய்க் குறைச்சுக் காட்டும், சில மாடல் சுழியத்துக்கே இறங்கிடும். ஆபரேட்டர் சுழியத்தைப் பார்த்துட்டு நடந்துபோவார். எச்.பி. ஆளுக்குத்தான் கதவு வரைக்கும் ஏறின முள் சட்டுன்னு விழுந்தா அது நல்ல செய்தி இல்லைன்னு தெரியும். செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 இரவு கையில் கிடைச்ச மீட்டர்களோட உச்ச அளவு நொடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன், அதாவது மணிக்கு 3.6 ராண்ட்ஜன் (பழைய கதிர்வீச்சு அலகு). முள் முட்டி நின்னுச்சு. மேலே போன தகவல் "3.6". "3.6-க்கு மேல், எவ்வளவுன்னு தெரியாது" என்பதுதான் உண்மை. முட்டி நிற்கிற முள்ளை ஒரு அளவாச் சொல்றதைவிட ஆபத்தான பழக்கம் இந்தத் தொழிலில் இல்லை.

அளவுகோல்

மீட்டர் பற்றிச் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. குழாய் விஷயமும் நல்ல புள்ளி. அதற்குத்தான் நீளும் கம்பி மீட்டர், டெலிடெக்டர் என்கிறோமே, அதை வைத்திருக்கிறோம். சுமார் 4 மீட்டர் நீளும், மணிக்கு 10 சீவர்ட் வரை காட்டும். கதவைக் கை அகலம் திறந்து, உடம்பைச் சுவருக்குப் பின்னால் வைத்து, முனையை மட்டும் உள்ளே நீட்டி, தரையருகே, இடுப்பளவில், தலைக்கு மேல் என்று மூன்று உயரத்தில் எடுக்க வேண்டும். இதை ஒரு மெக்கானிக்குக்குக் கற்றுக்கொடுக்க அரை நாள் பயிற்சி போதாதா? உள்ளே போகிறவர்களுக்கே அளக்கத் தெரிய வேண்டும் என்பது என் வாதம்.

மூச்சுக்காற்று

ரெண்டு பேருமே வெளியிலிருந்து வரும் காமாக் கதிரைப் பற்றி மட்டும் பேசுறீங்க. ஃபுகுஷிமாவில் ரொம்ப அதிக டோஸ் வாங்கினவருக்கு ஏறக்குறைய 678 மில்லிசீவர்ட். அதில் 590 அளவு உள்ளே போனது, பெரும்பாலும் மூச்சில் போன அயோடின்-131. 250 தாண்டின ஆறு பேருக்குமே இந்த உள் டோஸ்தான் காரணம். கட்டுப்பாட்டு அறையிலும் அதைச் சுற்றியும் வேலை செஞ்ச ஆட்கள் அவங்க. பாதுகாப்பான இடம்னு நாம நினைக்கிற அறையிலேயே காற்றை அளக்காம, மாஸ்க் போடாம விட்டா இதுதான் ஆகும்.

அதனால என் பதில் வேறே. முதல் எச்.பி. ஆள் முதல் பத்து நிமிடம் போக வேண்டியது கட்டுப்பாட்டு அறைக்கும் அவசரநிலை மையத்துக்கும். காற்று மாதிரி எடுக்கணும், மாஸ்க் போடலாமா கழட்டலாமான்னு முடிவு சொல்லணும், சாப்பாடு தண்ணீரை நிறுத்தணும்.

மாதிரி எடுப்பதிலேயே ஒரு பொறி இருக்கு. சாதாரணக் கரி கார்ட்ரிட்ஜ் அயோடினோட சேர்த்து செனான் என்ற மந்த வாயுவையும் பிடிக்கும். எண்ணிக்கை எகிறும். எல்லாம் அயோடின்னு நினைச்சு அறையையே காலி பண்ணச் சொல்லிடுவீங்க. சில்வர் சியோலைட் கார்ட்ரிட்ஜ் போடுங்க, அது அயோடினைப் பிடிச்சு, மந்த வாயுவைப் பெரும்பாலும் விட்டுடும். பிறகும் சுத்தமான காற்றைக் கொஞ்ச நேரம் அதன் வழியே இழுத்து, பின்புலம் குறைவான இடத்துக்குக் கொண்டுபோய் எண்ணணும். எடுத்த இடத்திலேயே எண்ணினா நீங்க எண்ணுறது அறையைத்தான்.

பொட்டாசியம் அயோடைடு: பெரியவங்களுக்கு 130 மி.கி. கதிர்வீச்சு அயோடின் வர்றதுக்கு முந்தின 24 மணி நேரத்திலிருந்து வந்த பின் 2 மணி வரைக்கும் கொடுத்தா நல்ல பலன். 8 மணி வரை கொடுக்கலாம். 24 மணி தாண்டிக் கொடுத்தா நன்மையைவிடக் கெடுதல் அதிகமாகலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொல்லியிருக்கு. மாத்திரை தைராய்டை மட்டும் காக்கும், சீசியத்துக்கு ஒண்ணும் செய்யாது. எந்த அளவில் கொடுக்கணும்னு டாக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கணும். நடுராத்திரி டாக்டரைத் தேடிப் போன் பண்ற நேரத்தில் அந்த ரெண்டு மணி போயிடும்.

அளவுகோல்

மாஸ்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் மாட்டுவதையும் எதிர்க்கிறேன். பி.ஏ. செட் (முதுகில் சுமக்கும் சுவாசக் காற்று சிலிண்டர்) போட்டால் வேலை மெதுவாகும், 30 நிமிடம் என்று எழுதிய சிலிண்டர் கடுமையாக உழைக்கும்போது 20-க்கு மேல் வராது. வால்வு வேலை 6 நிமிடத்திலிருந்து 8 ஆனால், மணிக்கு 200-இல் அந்த 2 நிமிடம் கூடுதலாக 6.7 மில்லிசீவர்ட். காற்றினால் மணிக்கு 10 என்றால் 6 நிமிடத்தில் மாஸ்க் மிச்சப்படுத்துவது 1. ஒன்றைக் காக்க ஏழைக் கொடுக்கிறோம்.

மூச்சுக்காற்று

மணிக்கு 10னு தெரிஞ்சா உங்க கணக்கு சரி சார். முதல் மணி நேரத்தில் யாருக்கும் தெரியாதே! 1000-ஆ இருந்தா அதே 6 நிமிடத்தில் 100. தெரியாத காற்றுக்கு மாஸ்க், அளந்த காற்றுக்குக் கணக்கு. ஆக்சிஜன் குறையலை, புகை இல்லைன்னா பி.ஏ. செட்டே வேண்டாம், அயோடினுக்கும் துகளுக்கும் சேர்ந்த ஃபில்டர் வெச்ச முழுமுக மாஸ்க் போதும். தாடி, சாதாரணக் கண்ணாடியோட காம்பு, ரெண்டுமே சீலைக் கெடுக்கும். மாஸ்க்குக்குள்ள மாட்டும் கண்ணாடியை ஆள்வாரியா முன்கூட்டியே செஞ்சு வெக்கணும். மந்த வாயு எந்த ஃபில்டரிலும் நிற்காது, அதுக்கு நேரத்தைக் குறைக்கிறதுதான் வழி.

மூன்றாம்_ஷிப்ட்

அளவுகோல் சாரோட ரேடியோ டோசிமீட்டர் திட்டத்தில் பெரிய ஓட்டை, மின்சாரம். ஃபுகுஷிமாவில் சுமார் 5000 டோசிமீட்டர் சுனாமியில் போச்சு. மிஞ்சினது 320 அளவு. மார்ச் கடைசி வரைக்கும் பல குழுவுக்கு ஒண்ணுதான். கெட்டியான கான்கிரீட் சுவருக்குப் பின்னால் சிக்னலும் வராது. சார்ஜர் செத்தா, ரிப்பீட்டர் செத்தா, கட்டுப்பாட்டு முனையில் இருப்பவர் வெறும் திரையைப் பார்த்துட்டு நிற்பார்.

அளவுகோல்

அதை ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் வேண்டாத டி.எல்.டி. பேட்ஜும் (டோஸைப் பதிவு செய்து பின்னர் கருவியில் படிக்கும் பட்டை) பேனா டோசிமீட்டரும் கொண்ட ஒரு பெட்டி வேறு உயரத்தில், வேறு கட்டடத்தில் வேண்டும். குழுவுக்கு ஒன்றுதான் என்றால், மூலத்துக்கு மிக அருகே நிற்பவர் அதை அணிய வேண்டும், யார் எங்கே நின்றார்கள் என்று தாளில் எழுத வேண்டும்.

வாசற்படி

அண்ணே, ஒரு சந்தேகம். உள்ளே ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார்னா? 50 எல்லை அப்பவும் நிற்குமா? யார் சொல்லணும்?

மூன்றாம்_ஷிப்ட்

தம்பி, சர்வதேச அணுசக்தி முகமையோட 2015 வழிகாட்டலில் இருக்கு. உயிர் காக்க 500 மில்லிசீவர்ட் வரை. மீட்கப்படுறவருக்குக் கிடைக்கும் நன்மை போறவரோட ஆபத்தைத் தெளிவா விஞ்சினா மட்டும், ஆபத்தை முழுசாப் புரிஞ்சு தானா முன்வர்றவர் அதையும் தாண்டலாம். நிறைய மக்களுக்கான மொத்த டோஸைத் தவிர்க்கும் வேலைக்கு 100. அனுமதி தர்றவர் அவசரநிலைத் தலைவர். எச்.பி. ஆள் பரிந்துரைக்கலாம், தானே அனுமதிக்க முடியாது. ஒரு வரி எழுத்தில் இருக்கணும்: பெயர், இதுவரை வாங்கின டோஸ், வேலை, எல்லை, நேரம்.

காயம்பட்டவரைச் சுத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் ஆம்புலன்ஸை நிறுத்தக் கூடாது. ரத்தம் நிற்காதவருக்குச் சோப்பு போடுறது பாதுகாப்பு ஆகாது. வெளி உடையைக் கத்தரிச்சு, சுருட்டி எடுத்தாலே மாசில் பெரும்பகுதி போயிடும். போர்வையில் சுத்தி ஏத்துங்க, எச்.பி. ஆள் ஒருத்தர் கூடவே போகட்டும்.

அளவுகோல்

இதோ மூன்றாவது ஆளும் போய்விட்டார் பாருங்கள். இரண்டே பேர் என்பதை மறுபடி மறுபடி மறக்கிறோம். வேலி ஓர அளவீட்டையும் அவரே செய்ய வேண்டும் என்கிறோம். அது செக்யூரிட்டி வண்டியில் இருப்பவராலேயே முடியும். மீட்டரின் பீட்டா மூடியை (பீட்டாக் கதிரைத் தடுப்பது) திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை, இடுப்பளவிலும் தரையருகேயும். எங்கும் திறந்ததும் மூடியதும் ஒன்றானால் மேகம் தலைக்கு மேல். இடுப்பளவில் திறந்தது கூடினால் மேகத்துக்குள் நிற்கிறார். தரையருகே மட்டும் கூடினால் மேகம் போய்விட்டது, படிவு இருக்கிறது. நான்கு எண்கள், ஒரு ரேடியோ. எச்.பி. ஆள் எதற்கு?

மூன்றாம்_ஷிப்ட்

வேலி ஓரத்தை விட்டுக்கொடுக்கிறேன். சரி. கட்டடத்துக்குள் இப்படி வெச்சுக்கலாம்: அளக்காத வழியில் முதல் நுழைவுக்கு எச்.பி. ஆள் கண்டிப்பாப் போகணும், கடைசித் தடுப்புச் சுவர் வரைக்கும். அங்கிருந்து கம்பியை நீட்டி வேலையைப் பார்க்கட்டும், அவருக்கு 24 ஆகாது. அதே வழியில் அடுத்த நுழைவுக்குக் குழு தனியாப் போகலாம், உலையோட நிலை மாறாத வரைக்கும்.

அளவுகோல்

அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும். சர்வே தாளில் இடம், உயரம், மீட்டர் எண், மூடி திறந்ததா மூடியதா, நேரம் எல்லாம் இருக்கும். "எதுவரை செல்லும்" என்று ஒரு கட்டம் இருக்காது. வென்ட் (உலையின் அழுத்தத்தை வெளியேற்றும் வழி) திறந்தால் செல்லாது. நீர்மட்டம் எரிபொருளுக்குக் கீழே இறங்கினால் செல்லாது. அந்த வால்வு திறந்தால் செல்லாது. வாசலில் நிற்கும் எச்.பி. ஆள் கட்டுப்பாட்டு அறையோடு போன் தொடர்பில் இருந்து, இதில் ஒன்று நடந்த அடுத்த நிமிடம் தாளில் குறுக்குக் கோடு போட வேண்டும். மார்ச் 24-இல் முந்தின நாள் தாளின் மேல் யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை.

ஆனால் காற்று மாதிரிக்கு முதல் பத்து நிமிடத்தைக் கொடுக்க இன்னும் சம்மதம் இல்லை. கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர்களில் ஒருவரே பம்பை ஓட்டட்டும், எண்ணுவதை மட்டும் எச்.பி. ஆள் செய்யட்டும்.

மூச்சுக்காற்று

பம்பை யார் ஓட்டினாலும் சரி சார். கார்ட்ரிட்ஜ் எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்னு அம்புக்குறி இருக்கு, ஆரம்பிச்ச நேரம், நிறுத்தின நேரம், ஓட்ட அளவு மூணையும் பையில் எழுதச் சொல்லுங்க. ஓட்ட அளவு எழுதாத மாதிரியிலிருந்து செறிவைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முடிவு வர்ற வரைக்கும் அறையில் மாஸ்க் கழட்டக் கூடாது, அதில் நான் இறங்கி வரமாட்டேன்.